பின்வளவில் ஒரு சாண் ஆழம்

என் கணவருக்கு எதை வாங்கினாலும் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டு பேர் இருந்த வீட்டுக்கு ஒரு கல்யாணத்துக்கே சோறு காய்ச்சக்கூடிய ரைஸ் குக்கர் வாங்கியவர். ஆகவே உலோகம் தேடும் மிசின் ஒன்றை வாங்கியபோதும் கடையில் இருந்ததிலேயே அகலமான தட்டை அதன் அடியில் பூட்டிக்கொண்டுதான் வந்தார். எசெக்ஸ் பக்கத்து வயல்காரர்களிடம் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய நாணயம் தேடப் போகும் கூட்டம் ஒன்றில் அவர் சேர்ந்திருந்தார். ரோமர் காலத்துத் தங்கம் கிடைக்கும் என்று போனவர் கொண்டுவந்ததெல்லாம் பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானையும் பல் தீட்டும் பிரஷால் தேய்த்துக் கழுவி ஜன்னலோரம் அடுக்கி வைப்பார். நான் சிரிப்பேன், ஆனால் அந்த மிசினைத் தொடமாட்டேன்.

தொடாததற்குக் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன் வன்னியில் சில ஆண்டுகள் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவள் நான். லண்டனில் இதைச் சொன்னால் சிலர் நம்பமாட்டார்கள், சிலர் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். இரண்டும் எனக்குப் பிடிக்காது. அதனால் ஊரில் ஒரு அலுவலகத்தில் இருந்தேன் என்று சொல்லிவிடுவேன். நான் இப்போது வேலை செய்கிற முதியோர் இல்லத்திலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். உண்மை தெரிந்தவர்கள் கணவரும் அவருடைய தமக்கையும் மட்டும்.

அந்தத் தமக்கை, எனக்கு மச்சாள், முன்பு மகனோடு பிளேஸ்டோவில் நாலாம் மாடி ஃபிளாட் ஒன்றில் இருந்தார். மகனுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. "அந்தக் குளிருக்கு நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டு இரண்டு சூட்கேசோடு குட்மேய்ஸில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எனக்குச் சந்தோஷம். இந்த நாட்டில் நான் மனம் விட்டுக் கதைக்கக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான். எங்கள் கண்ணிவெடிக் குழு வேலை செய்த காணிகளில் ஒன்று அவருடைய ஊருக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே என்ன மணம் வீசும், மத்தியான வெயிலில் முகக்கவசத்துக்குள் எப்படி வியர்க்கும் என்றெல்லாம் அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருவரும் குசினியில் வெங்காயம் உரித்தபடி அந்தக் காலத்துச் சாப்பாட்டைப் பழித்துச் சிரித்துக்கொண்டிருப்போம்.

வந்து சில வாரம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். அன்று பின்வளவில் உடுப்புக் காயப் போட்டிருந்தேன். காற்றில் கணவரின் சட்டை ஒன்று கொடியிலிருந்து கழன்று புல்லில் விழுந்தது. நான் மேல்மாடி ஜன்னலில் நின்றேன். மச்சாள் குசினிக் கதவைத் திறந்து சிமெந்துத் தளத்தின் ஓரம் வரை வந்தார். அங்கேயே நின்று, கூட்டுகிற தும்புத்தடியை நீட்டி, சட்டையை மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுத்தார். சட்டை கிடந்தது ஒரு எட்டு வைத்தால் எடுக்கக்கூடிய தூரத்தில். அவர் அந்த எட்டை வைக்கவில்லை. கால்விரல்கள் சிமெந்தின் விளிம்பைத் தாண்டாமல் மடங்கியிருந்தன. அப்படி நிற்பவர்களை நான் முன்பு நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

சண்டை முடிந்து சொந்தக் காணிக்குத் திரும்பிய முதல் மாதத்தில் மச்சாளின் கணவர் கிணற்றடிக்குப் பின்னால் பற்றை வெட்டப் போனார். மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையோடு அவருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். மச்சாள் தப்பினார், அவர் தப்பவில்லை. பிளேஸ்டோவில் இருந்த ஆண்டுகளில் வாசலில் லிஃப்ட், வெளியே நடைபாதை, அதைத் தாண்டி பஸ். மண்ணே மிதிக்காமல் வாழ முடிந்ததால் இந்தப் பயம் இருப்பது மகனுக்குக்கூடத் தெரிந்திருக்கவில்லை. எங்கள் வீட்டிலோ குசினிக் கதவைத் திறந்தால் மண்.

கணவர் அவரோடு வாதாடிப் பார்த்தார். இது லண்டன், இங்கே யார் கண்ணிவெடி புதைப்பது என்றார். அந்த வாரமே தொலைக்காட்சியில், எங்கோ கட்டட வேலைக்குத் தோண்டிய குழியில் இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் குண்டு ஒன்று கிடந்ததென்று, தெருவை மறித்து நாடா கட்டியிருந்ததைக் காட்டினார்கள். மச்சாள் திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

"இஞ்சையும் சண்டை நடந்ததுதானே" என்றார்.

"அது நாங்கள் பிறக்க முந்தின கதை, அக்கா."

"மண்ணுக்கு வருசம் தெரியுமோ?"

கணவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். அடுத்த நாள் மச்சாள் என்னிடம் வந்து, எங்கேயாவது ஒரு மாடியில் ஒரு அறை பார்த்துத் தரச் சொன்னார். அந்தப் பின்கதவு கண்ணில் படும்போதெல்லாம் நெஞ்சு அடிக்கிறது, இரவில் நித்திரை இல்லை என்றார். அறுபதைத் தாண்டியவர். முழங்கால் இரண்டிலும் வருத்தம், சர்க்கரையும் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் ஒரு அறையில் தனியே கிடக்கப் போகிறேன் என்கிறார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எனக்கு எப்போதும் இரண்டும் சேர்ந்துதான் வரும். "ஒரு மாதம் பொறுங்கோ மச்சாள்" என்று மட்டும் சொன்னேன். ஓம் என்றார்.

நான் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கணவர் முந்திக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால், அவர் பின்வளவில் அந்தப் பெரிய தட்டோடு நிற்கிறார். மச்சாளைக் கதவடியில் நிறுத்தி வைத்து, "பாருங்கோ அக்கா, ஒண்டுமில்லை எண்டு இப்ப காட்டுறன்" என்று மிசினைப் போட்டார். மிசின் கத்தத் தொடங்கியது. உடுப்புக்கொடிக் கம்பத்தடியில் கத்தியது, நடுவில் கத்தியது, மூலையில் சாமான் வைக்கும் கொட்டிலுக்குப் பக்கத்தில் போனபோது மூச்சு விடாமல் கத்தியது. வளவில் அது வாயை மூடிய இடம் ஒன்றுகூட இல்லை. மச்சாள் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அன்று கணவருக்குச் சோறு போட்டேன், கதைக்கவில்லை. கடைசியில் அவரே வந்தார்.

"சென்சிட்டிவிட்டியைக் குறைச்சு விட்டிருக்கலாம். சத்தம் வந்திராது" என்றார்.

"காதைப் பொத்திக்கொண்டாலும் சத்தம் வராது" என்றேன்.

"எண்டால் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு செய்வம். அவவுக்குக் கேக்காது."

"உங்கடை அக்கா கண்ணிவெடி எடுக்கிற ஆக்களைப் பக்கத்திலை நிண்டு பாத்தவ. உங்கடை முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவா."

மிசினைக் கையில் எடுத்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் கை தானாகவே பிடியில் போய் அமர்ந்தது, எனக்கு அது பிடிக்கவில்லை.

இந்த மிசினின் உயிர் கீழே இருக்கும் தட்டில்தான் இருக்கிறது. கணவரின் கூட்டத்தார் அதைக் காயில் என்பார்கள், எங்கள் வேலையில் தலை என்போம். உள்ளே செப்புக் கம்பி சுற்றியிருக்கும். அது மண்ணுக்குள் ஒரு துடிப்பை அனுப்பும், உலோகம் கிடந்தால் அது பதில் சொல்லும். சிக்கல் என்னவென்றால் மண்ணும் பதில் சொல்லும். இரும்பு கலந்த செம்மண் சொல்லும், நெருப்பில் வெந்த மண் சொல்லும், நிலக்கரிச் சாம்பல் நன்றாகவே சொல்லும். எங்கள் தெரு வீடுகளில் முன்பு கரியடுப்புத்தான் எரிந்திருக்கிறது. அந்தச் சாம்பலை எல்லாம் அன்றிருந்தவர்கள் பின்வளவில் கொட்டியிருக்கிறார்கள். கொட்டிலடியில் ஒரு கரண்டி மண் எடுத்தால் பாதி கறுப்புக் கட்டியாக வரும்.

தட்டு எவ்வளவு அகலமோ அவ்வளவு மண்ணின் பேச்சை அது ஒரே நேரத்தில் கேட்கும். எசெக்ஸ் வயலின் அமைதியான களிமண்ணில் அது நல்லது, ஆழத்தில் கிடப்பதையும் சொல்லிவிடும். எங்கள் வளவு மாதிரியான இடத்தில் அத்தனை சாம்பலும் அத்தனை ஆணியும் சேர்ந்து குரல் கொடுக்க, எது எதென்று பிரிக்க முடியாது. கல்யாண மண்டபத்தில் ஒருவர் சொல்வது கேட்க வேண்டுமென்றால் வாசலில் நின்று பயனில்லை, அவரிடம் போய்க் காதைக் கொடுக்க வேண்டும். அதற்குச் சின்னத் தலை வேண்டும். கம்பி சுற்றிய விதமும் முக்கியம். வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றியது மண்ணுக்குள் கூம்பு போல இறங்கிக் கேட்கும். கணவரின் தட்டு அந்த வகை. ஆங்கில 'D' எழுத்து இரண்டை ஒன்றோடொன்று சேர்த்து வைத்த மாதிரிச் சுற்றிய இன்னொரு வகை உண்டு. அது நடுவில் ஒரு ஒடுங்கிய கோட்டில் மட்டும் கேட்கும், மண்ணின் இரைச்சல் அதை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. கணவரிடம் நான் கேட்டது அந்த வகையில், உள்ளங்கையை விரித்து வைத்த அளவில் ஒன்று.

கணவரோடு வேலை செய்யும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவரிடம் அது இருந்தது. அவரும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவர். வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார்.

"இது ஆழம் போகாதுங்க அக்கா" என்றார் தயக்கத்தோடு. "நான் வாங்கிட்டு சும்மா வச்சிருக்கேன்."

"எனக்கு ஆழம் தேவையில்லை, தம்பி" என்றேன்.

ஏப்ரல் மாதம் முழுக்க, ஷிப்ட் இல்லாத பின்னேரங்களில் வளவில் இறங்கினேன். வேலியிலிருந்து வேலிக்கு நூல் கட்டி, ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு பாதை என்று பிரித்தேன். பழைய தும்புத்தடி ஒன்றுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துக் குறுக்கே போட்டேன். அந்தத் தடிக்கு இந்தப் பக்கம் பார்த்து முடித்த இடம், அந்தப் பக்கம் பார்க்காத இடம். கணவரின் கூட்டத்தார் இரும்புச் சத்தம் வந்தால் தாண்டிப் போய்விடுவார்கள், அவர்கள் தேடுவது தங்கம். எங்களுக்கு அப்படிப் பழக்கமில்லை. சத்தம் வந்த ஒவ்வொரு இடத்தையும் பக்கவாட்டிலிருந்து கரண்டியால் சுரண்டி, சத்தம் போட்டதை வெளியே எடுத்து, அதே இடத்தில் மறுபடி தலையைக் கொண்டுபோய் அது வாயை மூடுகிறதா என்று பார்த்துத்தான் தடியை நகர்த்துவேன். முழங்காலில் நின்றபடி நான் ஒரு பின்னேரம் முழுக்க நகர்ந்த தூரத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது. வேலிக்கு மேலால் ஒருநாள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

எடுத்ததை எல்லாம் ஒரு வாளியில் போட்டுக் குசினிப் படியில் வைத்தேன். துருப்பிடித்த ஆணிகள், சோடாப் போத்தல் மூடிகள், கட்டில் ஸ்பிரிங், திரைச்சீலை வளையம், சில்லில்லாத ஒரு பொம்மைக் கார். மச்சாள் முதலில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, தளத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வாளிக்குள் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார். ஒருநாள் கறுப்புக் கட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இது கல்லெல்லோ. கல்லும் கத்துமோ?"

"எரிஞ்ச கரி, மச்சாள். அதுக்குள்ளை இரும்புச் சத்து இருக்கு. மிசின் ஏமாந்துபோகும்."

"மிசின் ஏமாறும் எண்டால் நீயும் ஏமாறுவாய்."

"ஓம். அதுதான் எல்லாத்தையும் கிண்டி எடுக்கிறன்."

அவர் தலையாட்டினார். எதையாவது சொல்லி என்னைச் சமாதானப்படுத்துகிற ஆள் இல்லை அவர். அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும்.

கொட்டிலடி மூலையில் சின்னத் தலையும் தோற்றுவிட்டது. அங்கே சாம்பல் அவ்வளவு கனமாகக் கிடந்தது. ஊரிலும் இப்படி மண்ணே கத்தும் இடங்களில் நாங்கள் மிசினை ஒதுக்கி வைத்துவிட்டு முள்வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இழுத்துப் பார்ப்போம். இங்கேயும் அதையே செய்தேன். அந்த மூலையை ஒரு சாண் ஆழத்துக்கு முழுதாக வாரி, அரித்து, சாம்பலைப் பைகளில் கட்டிக் கணவரிடம் கொடுத்துக் கவுன்சில் குப்பைக் கிடங்குக்கு அனுப்பினேன். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை காரில் போய் வந்தார், முணுமுணுக்கவில்லை. அந்தப் பெரிய தட்டால் வந்த குற்றவுணர்வு அவருக்குள் இன்னும் இருந்தது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை கடைசிப் பாதையும் முடிந்தது. நூலை எல்லாம் அவிழ்த்தேன். ஊரில் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. முடித்த காணியைச் சொந்தக்காரரிடம் கொடுக்கும் அன்று, அவர்கள் பார்த்து நிற்க, குழுவில் உள்ள எல்லோரும் தோளோடு தோள் சேர்ந்து அந்தக் காணியின் குறுக்கே நடப்போம். பிறகுதான் அவர்கள் காலை வைப்பார்கள். இங்கே குழு என்று நானும் கணவரும்தான். இருவரும் நடந்தோம். அவர் தேவையில்லாமல் ஒரு இடத்தில் துள்ளியும் காட்டினார். பிறகு நான் மிசினைப் போட்டு வளவு முழுக்க ஒருமுறை தலையை வீசிக்கொண்டு போனேன். எங்கும் சத்தமில்லை. சத்தம் வராமல் வைப்பது எவருக்கும் ஏலும், சத்தம் போடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் செய்திருந்தேன்.

மச்சாள் தளத்தின் ஓரத்தில் நின்றார்.

"எவ்வளவு ஆழத்துக்கு இல்லை?" என்று கேட்டார்.

"ஒரு சாண்."

"அதுக்குக் கீழை?"

"அதுக்குக் கீழை என்ன கிடக்குது எண்டு எனக்குத் தெரியாது, மச்சாள். கால் வைக்க ஒரு சாண் போதும்."

கணவர் எனக்குப் பின்னால் பெருமூச்சு விட்டார். ஒன்றுமே இல்லை என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்பது அதன் அர்த்தம். அந்தப் பதிலில் மச்சாளுக்குக் குறை தெரியவில்லை, வேறொன்றில் தெரிந்தது.

"சத்தம் வரேல்லை. சரி. மிசின் செத்துப்போனாலும் சத்தம் வராதெல்லோ?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஊரில் ஒவ்வொரு காலையும் வேலை தொடங்குமுன் தெரிந்த ஒரு சின்ன உலோகத் துண்டுக்கு மேல் தலையைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் காணிக்குள் இறங்குவோம். வாளியிலிருந்து ஒரு சின்ன ஆணியை எடுத்துப் புல்லுக்குள் செருகி, தலையைப் பிடித்தேன். மிசின் கீச்சென்றது.

"நீ வைச்ச இடம் உனக்குத் தெரியும்" என்றார் மச்சாள். "அதிலை கொண்டுபோய்ப் பிடிச்சால் கத்தும்தானே. மற்ற இடத்திலை கத்துமோ எண்டுதான் நான் கேக்கிறன்."

கணவர் வீட்டுக்குள் போய்விட்டார். எனக்கும் பொறுமை போகத் தொடங்கியது. ஒரு மாதம் முழங்காலில் நின்றவள் நான். "எண்டால் நீங்களே ஒண்டை மண்ணுக்குள்ளை தாளுங்கோ" என்று சற்று உரத்துச் சொல்லிவிட்டேன். "நான் திரும்பி நிக்கிறன். மிசின் சொல்லுதோ பாப்பம்."

இதற்குள் ஒரு திட்டம் இருந்தது என்று யாராவது நினைத்தால் அது பிழை. கோபத்தில் வாயில் வந்ததுதான்.

மச்சாள் வாளியைப் பார்த்தார், அதில் ஒன்றையும் எடுக்கவில்லை. கையை உயர்த்தி, வலக் காதுத் தோட்டைப் பின்னால் பிடித்து நிற்கும் சுரையைத் திருகிக் கழற்றினார். மிளகு அளவு தங்கம். தோட்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, சுரையை விரல் நுனியில் வைத்து எனக்குக் காட்டினார்.

"இதைச் சொல்லுமோ?"

சொல்லும் என்று எனக்கு நிச்சயமில்லை. அவ்வளவு சின்னத் தங்கத்தின் குரலும் எரிந்த கரியின் குரலும் கிட்டத்தட்ட ஒன்று. சாம்பல் துகள் ஒன்று எங்காவது மிஞ்சியிருந்தால் இரண்டும் குழம்பிப் போகும். மிசின் சொல்லாவிட்டால் அந்த மாதத்து வேலை அவ்வளவும் வீண், மச்சாள் திங்கட்கிழமையே அறை தேடப் போய்விடுவார். "தாளுங்கோ" என்றேன். முதுகைக் காட்டி நின்றேன்.

அவர் சொல்லி நான் திரும்பியபோது அவர் தளத்தின் ஓரத்திலேயே குந்தியிருந்தார். சுட்டுவிரல் நுனியில் ஈர மண். அவர் கை எட்டக்கூடிய இடத்துக்குள்தான் சுரை இருக்க வேண்டும். தலையைத் தரையோடு ஒட்டி, மெதுவாகக் கொண்டு போனேன். சத்தமில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி, சத்தமில்லை. பிறகு, கவனித்துக் கேட்டால்தான் கேட்கும் அளவில், ஒரு சின்னக் கீச்சு. திரும்பக் கொண்டு வந்தேன், அதே இடத்தில் அதே கீச்சு. விரலை விட்டுக் கிளறிச் சுரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைச் சேலையில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது படிக்குக் கிட்ட. இதுக்குள்ளைதான் இருக்கும் எண்டு நீ கணக்குப் போட்டிருப்பாய்."

நான் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

"திரும்பி நில் பிள்ளை. அங்கை, அந்தக் கடைசி வேலியிலை போய் நில். நான் சொல்லுமட்டும் பாக்காதை."

மிசினைத் தூக்கிக்கொண்டு வளவின் கடைசி வரை நடந்துபோய், பலகை வேலிக்கு முகத்தைக் கொடுத்து நின்றேன். பக்கத்து வளவில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார்கள். எனக்குப் பின்னால் சிமெந்தில் வீட்டுச் செருப்பு உரசும் சத்தம் கேட்டது. ஒருமுறை, இரண்டுமுறை. பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அவர் உள்ளே போய்விட்டார் என்று நினைத்தேன். கதவு சாத்தும் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அது கேட்கவில்லை, வேறொன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது, பார்க்கவில்லை.

"இன்னும் திரும்பாதை" என்றார் மச்சாள், என் தோளுக்குப் பக்கத்தில் நின்று. "நான் நல்ல இடமாப் பாக்கிறன்."